நாலடி பதினோரு இன்ச்

அலமாரியின் மேலிருந்து அந்தச் சுருளை இறக்கியதும் வினிகர் வாடை அறை முழுக்கப் பரவியது. நேற்றோடு கிள்ளானில் கண்காட்சி முடிந்துவிட்டது. உன் பெரிய படத்தைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து, அதை வைக்க இடம் தேடியபோதுதான் இந்தப் பழைய சுருள் கைக்கு வந்தது. நாம் இருவரும் சேர்ந்து கெடுத்த மூன்று படங்கள். நூலை அவிழ்த்ததும் மூன்றும் தாமாகவே விரிந்து, முகம் தரையில் படக் குப்புறப் படுத்துக்கொண்டன. முதுகில் உன் பென்சில் எழுத்து.

முதலாவதில், "ஏன் சாம்பல்?" இரண்டாவதில், "பேப்பர் கிழமா, மருந்து கிழமா?" மூன்றாவதில், "நான் என்ன தப்பு பண்றேன்?"

மூன்றுக்கும் பதில் எனக்குத் தெரியும். நீ இருந்தபோதே தெரிந்துவிட்டது. பதிலைக் கைப்பையில் வைத்துக்கொண்டு உன் கட்டிலுக்கு ஓரடி தள்ளி நின்று, "இன்னும் கண்டுபிடிக்கல" என்று சொன்னேன். நான்கு மாதமாக அது என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. இப்போதாவது சொல்லிவிடுகிறேன்.

கெட்டுப்போன படத்தை நீ ஒருநாளும் கிழித்துப் போட்டதில்லை. கழுவிக் காயவைத்து, பின்பக்கம் ஒரு கேள்வி எழுதி எடுத்துவைப்பாய். பல்கலைக்கழகப் புகைப்படக் கழகத்துக்கு நான் வந்த முதல் நாளே அதைப் பார்த்தேன். மற்றவர்கள் நல்ல படங்களைச் சுவரில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். நீ தரையில் உட்கார்ந்து, கறுத்துப்போன ஒரு படத்தின் முதுகில் எழுதிக்கொண்டிருந்தாய். எங்கள் வீட்டிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். எந்தக் கதவைத் தள்ளுவது, எதை இழுப்பது என்பதைக்கூட அடுத்தவர்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். யாரிடம் போய் என்ன பேசுவது என்று தெரியாமல் உன் பக்கத்தில் சும்மா நின்றேன். நீ நிமிர்ந்து பார்த்தாய்.

"கெமிஸ்ட்ரி தானே நீ? இது ஏன் இப்படி ஆச்சு, சொல்லு பாப்போம்."

பெயர் கேட்பதற்கு முன்பே கேள்வி.

"படம் கழுவுற மருந்து சூடா இருந்திருக்கும்," என்றேன். அன்று முழுக்க நான் வாய் திறந்து சொன்னது அவ்வளவுதான். நீ உடனே பென்சிலை என்னிடம் நீட்டி, "எழுது" என்றாய்.

படிப்பு முடிந்து நான் சுபாங் ஜெயாவில் குடிதண்ணீர் சோதிக்கும் ஆய்வுக்கூடம் ஒன்றில் சேர்ந்தேன். நீ கிள்ளானிலேயே கப்பல் சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் சேர்ந்தாய். ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் பிரிக்பீல்ட்ஸில் சந்திப்போம். உன் சித்தப்பாவின் தையல்கடைக்கு மேலே, ஜன்னல் இல்லாத அந்தச் சாமான் அறைதான் நம் இருட்டறை. கீழே சித்தப்பா ஞாயிறு என்றும் பார்க்காமல் தைத்துக்கொண்டிருப்பார்.

"ரெண்டு பேரும் மேல ஊறுகாயா போடுறீங்க? கஸ்டமர் ப்ளவுஸ் எல்லாம் புளிப்பு வாசம் அடிக்குது லா."

"வாசத்துக்குத் தனியா சார்ஜ் பண்ணாதீங்க சித்தப்பா, ஃப்ரீயா குடுங்க," என்று படியிலிருந்தே கத்துவாய்.

அந்த வருடம் நீ எடுத்த படங்கள் எல்லாம் கட்டடங்களைக் கூட்டித் துடைப்பவர்களைப் பற்றியவை. அதில் ஒருவர் என் அம்மா. லிஃப்ட் வாசலில், வெள்ளைச் சுவருக்கு முன்னால், மாப் கட்டையைப் பிடித்துக்கொண்டு நேராக நிற்கிறார். சிரிப்பும் இல்லை, முறைப்பும் இல்லை. "சொல்லும்மா, என்னா வேணும்?" என்று கேட்பதுபோல ஒரு பார்வை. கிள்ளானில் கண்காட்சி நடத்தும் மாடி அரங்கத்துக்காரர்கள் உனக்கு ஒரு சுவர் ஒதுக்கினார்கள். அதில் பன்னிரண்டு படம் வைக்கலாம் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"ஒரே படம். ஆன்டி. அவங்க உண்மையான உயரத்துல," என்றாய்.

"ஏன் அவ்ளோ பெருசு?"

"லிஃப்ட் வாசல்ல உங்கம்மாவ எத்தன பேரு பாக்காமலே தாண்டிப் போறான்? சின்னப் படமா வச்சா இங்கயும் தாண்டிப் போயிடுவான். ஆள் உயரத்துக்கு ஒருத்தங்க நின்னா, ஒதுங்கித்தானே போகணும்?"

அடுத்த சனிக்கிழமை சித்தப்பா கடை அளவு நாடாவோடு சாலாக் செலாத்தானில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாய். அம்மாவைக் கதவுநிலையில் சாய்ந்து நிற்கச் சொல்லி, தலைக்கு மேல் பென்சிலால் கோடு போட்டாய்.

"நாலடி பதினோரு இன்ச் ஆன்டி."

"அஞ்சு அடின்னு எழுதிக்கம்மா. ஒரு இன்ச்ச யாரு அளக்கப் போறா?"

"படம் அளக்கும் ஆன்டி."

அம்மா சத்தமில்லாமல் குதிகாலைத் தூக்கினார். நீ குனிந்து பார்த்து, "கள்ளாட்டம் ஆடக்கூடாது!" என்றாய். அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுநாளாகியிருந்தது. அந்தப் பென்சில் கோடு இன்னும் அங்கேதான் இருக்கிறது. வீட்டைத் துடைக்கும்போது அதைமட்டும் விட்டுவிட்டுத் துடைக்கிறார்.

சின்னப் படம் போடுவதில் நமக்குப் பழக்கம் இருந்தது. அந்தத் தைரியத்தில் இறங்கினோம். படம் பெரிதானதும் நமக்குத் தெரிந்த எதுவும் உதவவில்லை. நெகட்டிவைப் பெரிதாக்கி வீசும் உருப்பெருக்கியைப் படுக்கவைத்து, வெளிச்சத்தை அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிச் சுவருக்கு வீசவேண்டியிருந்தது. நெகட்டிவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசு, சுவரில் அம்மாவின் கன்னத்தில் ஐந்து சென் காசு அளவுக்கு உட்கார்ந்திருந்தது. சின்னப் படத்துக்குப் பன்னிரண்டு விநாடி போதுமென்றால் இதற்கு ஏழு நிமிடம். அதற்குள் கடைக்குப் பக்கத்தில் இரண்டு முறை மோனோரயில் போய்விடும். முதல் சோதனைத் துண்டில் அம்மாவுக்கு இரண்டு மூக்கு.

நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். உனக்கோ ஒரே உற்சாகம். கீழே போய் ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து, உருப்பெருக்கிக்குப் பக்கத்தில் வைத்து, அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாய். ரயில் சத்தம் கேட்டது. தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை ஓடியது. "பாத்தியா! பில்டிங்கே ஆடுது!" என்று நீ கைதட்டியது கீழே சித்தப்பாவுக்கே கேட்டிருக்கும்.

அதற்குப் பிறகு நான்தான் காது. சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டு "வருது" என்பேன். நீ லென்ஸை அட்டையால் மூடுவாய். கிளாஸில் தண்ணீர் அடங்கியதும் "போச்சு" என்பேன். நீ திறப்பாய். ஏழு நிமிடம் அப்படியே இருபது நிமிடம் ஆனது.

அவ்வளவு பெரிய தாளை அலசத் தொட்டி எங்கே கிடைக்கும்? சாமான் கடைக்குப் போய்ப் பெரிய பிளாஸ்டிக் குழாயை நீளவாக்கில் இரண்டாகப் பிளக்கச் சொன்னாய்.

"கூரைத் தண்ணிக்காம்மா?" என்றார் கடைக்காரர்.

"இல்ல பாஸ், படம் கழுவ."

"இவ்ளோ நீளத்துக்கா? யானப் படமா?"

"அவங்க அம்மா படம்," என்று என்னைக் கைகாட்டினாய். நான் ஆணி டப்பாக்களுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

குழாய்த் தண்ணீர் எப்போதும் வெதுவெதுப்பு. குளிர்பானம் விற்கும் தண்ணீர்க் கடையில் ஐஸ் வாங்கிப் பொட்டலத்தோடு வாளியில் போட்டு மருந்தைக் குளிரவைப்போம். பிறகு ஆளுக்கொரு முனையாகத் தாளைப் பிடித்து, மருந்துக்குள் விரித்தும் சுருட்டியும் முன்னும் பின்னும் ஓட்டுவோம். எங்காவது மடங்கினால் பிறைநிலா மாதிரி ஒரு கறுப்புத் தழும்பு விழும். நான்கு கை இல்லாமல் நடக்காத வேலை.

இனிமேல்தான் நான் தயங்குகிற இடம்.

தாளைக் கெடுக்காத நம் இருட்டறைச் சிவப்பு விளக்கு கீழே விழுந்து உடைந்தது உனக்கு நினைவிருக்கும். பெரிய படத்துக்கு முந்திய வாரம் அது. மறுவாரம் வீட்டிலிருந்து ஒரு பல்பு கொண்டுவந்தது நான். எங்கள் சாமி மேடையில் எரிகிற சிவப்பு பல்பு. "சாமிக்கு அகல் விளக்கு போதும், கொண்டு போ," என்று அம்மாவே கழற்றிக் கொடுத்தார். அதைப் பார்த்து நீ சிரித்தாய். "எங்க வீட்ல இயேசு படத்துக்கு முன்னாலயும் இதே பல்புதான் லா. ரெண்டு சாமியும் ஒரே கடையில வாங்குறாங்க." மாட்டினோம். அதன் வெளிச்சத்தில் இரண்டு சின்னப் படம் போட்டுப் பார்த்தோம். நன்றாகவே வந்தன. அதற்குப் பிறகு அந்தப் பல்பைப் பற்றி யாரும் நினைக்கவில்லை.

மூன்று ஞாயிறு, மூன்று படம். அம்மாவின் முகம் ஒவ்வொன்றிலும் சரியாக எழுந்துவந்தது. வெள்ளையாக இருக்கவேண்டியதெல்லாம் சாம்பல். புகைமூட்டக் காலத்துக் கோலாலம்பூர் மாதிரி அம்மா மங்கலுக்குள் நின்றார். மூடிப்போன ஸ்டூடியோ ஒன்றிலிருந்து நீ வாங்கிய பழைய தாள் ரோலைச் சந்தேகப்பட்டோம். மருந்தை மாற்றினோம். ஐஸைக்கூடச் சந்தேகப்பட்டோம். நான் பிரிக்பீல்ட்ஸ் குழாய்த் தண்ணீரை ஒரு போத்தலில் பிடித்துக்கொண்டு போய் ஆய்வுக்கூடத்தில் சோதித்தேன். தண்ணீரில் ஒரு குறையும் இல்லை.

மூன்றாவது படத்தை எங்கள் வீட்டுக்கு எடுத்துவந்து அம்மாவிடம் காட்டினாய். அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வேடிக்கையாகத்தான் கேட்டார்: "என்னாடி இது, நான் தொடச்ச சுவரு இவ்ளோ அழுக்காவா இருக்கு?"

நீ சிரிக்கவில்லை. "மன்னிச்சுக்குங்க ஆன்டி. என் கைதான் சரியில்ல," என்றாய். அம்மா பதறிப்போய் உன் கையைப் பிடித்துக்கொண்டார். எதற்கும் கேள்வி கேட்கிற நீ, அன்றுதான் கேட்காமலே பழியை எடுத்துக்கொண்டாய். அந்த மூன்றாவது கேள்வியை அன்று மாலை எழுதினாய்.

அடுத்த வாரம் உனக்குக் காய்ச்சல் என்று செய்தி அனுப்பியிருந்தாய். நான் தனியாகத்தான் பிரிக்பீல்ட்ஸ் போனேன். எங்கள் வீட்டிலேயே இருந்த மூன்றாவது படத்தைக் கொண்டுபோய், சித்தப்பாவின் வெட்டுமேசையில் நல்ல பகல் வெளிச்சத்தில் விரித்தேன். படத்தைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், விளிம்பைப் பார்த்தேன். வெளிச்சம் விழாத வெறும் ஓரம். அதுவும் சாம்பல். ஆனால் நான்கு மூலையிலும் நாம் தாளைச் சுவரில் குத்திய ஊசிகளின் தலை இருந்த இடத்தில் மட்டும், நான்கு சின்ன வட்டங்கள் பளிச்சென்று வெள்ளையாக இருந்தன.

தாள் கிழடு என்றால் ஊசித்தலைக்குக் கீழேயும் சாம்பலாகியிருக்க வேண்டும். மருந்து கெட்டது என்றாலும் அப்படித்தான், மருந்தில் போடும்போது ஊசி இல்லையே. ஊசித்தலையால் மறைக்க முடிந்தது ஒன்றே ஒன்றுதான். வெளிச்சம். லென்ஸின் வெளிச்சம் ஓரத்தில் விழவில்லை. அப்படியானால் வேறு எந்த வெளிச்சம்?

மாடிக்கு ஓடினேன். ஒரு துண்டுத் தாளை மேசையில் வைத்து, அதன்மேல் இருபது சென் காசு ஒன்றை வைத்து, அம்மாவின் பல்பை மட்டும் இருபது நிமிடம் எரியவிட்டேன். மருந்தில் போட்டதும் தாள் மெல்ல மெல்லச் சாம்பலானது. நடுவில் நிலா மாதிரி ஒரு வெள்ளை வட்டம். சின்னப் படங்கள் இரண்டு நிமிடத்தில் அந்தப் பல்பிடமிருந்து தப்பித்துக்கொண்டன. ரயிலுக்குக் காத்துக்காத்து நின்ற பெரிய தாள் தப்பிக்கவில்லை.

தனியாக இருட்டில் நின்று வாய்விட்டுச் சிரித்தேன். கண்டுபிடித்த சந்தோஷம். சிரித்து முடிந்த பிறகுதான் முகம் சுட்டது. கெமிஸ்ட்ரி படித்தவள் குழாய்த் தண்ணீரையெல்லாம் சோதித்தேன், தலைக்கு மேலே நானே கொண்டுவந்து மாட்டியதைச் சோதிக்கவில்லை. நீ என் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டபோது பக்கத்திலேயே நின்றிருந்தேன்.

மறுநாள் வேலை முடிந்து கொமுட்டர் ரயில் பிடித்துக் கிள்ளானுக்கு வந்தேன். காசு வட்டம் விழுந்த துண்டு கைப்பையில். டெங்கி என்று மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். உன் அம்மா, உன் அத்தைமார், ஜெபத்துக்கு வந்தவர்கள் என்று கட்டிலைச் சுற்றிக் கூட்டம். நான் ஓரமாக நின்றேன். நீதான் என்னைப் பார்த்துவிட்டாய்.

"வாடி. கண்டுபிடிச்சியா?"

"இன்னும் கண்டுபிடிக்கல."

"உன் மூஞ்சி வேற மாதிரி இருக்கே."

"நீ வீட்டுக்கு வா. உக்காந்து பாப்போம்."

"சரி லா. எனக்குப் பேப்பர் மேலதான் சந்தேகம்," என்று கண்ணை மூடிக்கொண்டாய். அத்தனை பேர் முன்னால் வேண்டாம், நீ வீடு திரும்பியதும் நாம் இருவர் மட்டும் இருக்கும்போது சொல்லலாம் என்று நினைத்தேன். நீ கேலி செய்வாய், அதைத் தனியாக வாங்கிக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன். அன்று திங்கட்கிழமை. வியாழக்கிழமை நீ இல்லை.

அரங்கத்திலிருந்து ஒருவர் அழைத்தார். தயங்கித் தயங்கித்தான் பேசினார். "அவங்க போட்ட சின்னப் படங்க இருந்தா குடுங்க, அதையே மாட்டிக்கலாம்." "பெருசாவே வரும்," என்று நான் சொன்னது எனக்கே வேறு யாரோ சொன்ன மாதிரி கேட்டது. ரோலில் மிச்சமிருந்தது ஒரே ஒரு படத்துக்கான தாள். என்னிடம் இருந்தது இரண்டே கை.

அன்று அம்மா சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். பல்பு மறுபடி சாமி மேடையில் எரிந்துகொண்டிருந்தது. அம்மா அதைத் திரும்பிப் பார்த்தார்.

"அது என்னா பண்ணும் பாவம். சாமிக்கு வாங்குன பல்பு. நீதானே வேற வேலைக்குக் கூட்டிட்டுப் போன?"

நறுக்கிய வெங்காயத்தைக் கத்தியால் ஓரமாகத் தள்ளினார்.

"அந்தப் புள்ள எங்கிட்ட மன்னிப்பு கேட்டுச்சேடி," என்றார். பிறகு, "ஞாயித்துக்கிழம நான் வரேன். கைதானே வேணும்?"

அம்மாவோடு அந்தப் படியேறினேன். எந்த விளக்கையும் நம்பத் தைரியமில்லாததால் முழு இருட்டிலேயே செய்வது என்று முடிவு செய்திருந்தேன். உருப்பெருக்கியைப் போட்டதும் சுவரில் அம்மா எழுந்து நின்றார். நெகட்டிவ் ஆயிற்றே, முகம் கறுப்பு, முடியெல்லாம் வெள்ளை.

"ஐயையோ, கெழவியா தெரியுறேன்."

"மருந்துல போட்டா சரியாயிடும்மா."

"அப்படியா? அப்ப எனக்கும் கொஞ்சம் குடு."

சுவரில் காதை வைத்து ரயிலைக் கேட்கச் சொன்னேன். அம்மாவுக்கு என்னைவிடக் கூர்மையான காது. "வருது", "போச்சு" என்று நீ கேட்டுப் பழகிய அதே இரண்டு சொற்கள், அம்மாவின் குரலில். தாளை மருந்தில் ஓட்டும்போது என் முனை பதற்றத்தில் இழுத்தது. "இழுக்காத. ஈரமான சாமான் கனமா இருக்கும், அதுவா வரட்டும்," என்று இருட்டிலிருந்து சொன்னார். எத்தனையோ வருடமாக ஈர மாப்பைப் பிழிந்து தூக்கிய கை. ஓர் இடத்தில்கூட மடங்கவில்லை. விநாடிகளை அம்மா வாய்விட்டு எண்ணினார். நடுவில் ஒருமுறை எண்ணிக்கையை நிறுத்தி, "இங்கதானே அந்தப் புள்ள நிக்கும்?" என்று கேட்டார். "ஆமாம்மா," என்றேன். விட்ட இடத்திலிருந்து மறுபடி எண்ணினார்.

நிலைப்படுத்தும் மருந்து முடிந்த பிறகுதான் விளக்கைப் போட்டேன். அம்மா தன்னைத் தலைமுதல் கால்வரை பார்த்தார். பிறகு பின்னால் இருந்த வெள்ளையைப் பார்த்தார்.

"சுவரு சுத்தமா இருக்கு," என்றார்.

காயும்போது சுருண்டுவிடக் கூடாது என்று, ஈரமாகவே ஒரு பலகையில் நான்கு பக்கமும் இழுத்து நாடா ஒட்டினோம். தொடக்க நாளன்று வேலை முடிந்து நேராக வந்த அம்மா, படத்திலிருந்து கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார். மாலையில் ஒருவர் வேறு படத்தைத் தூரத்திலிருந்து பார்க்கப் பின்னாலேயே நகர்ந்து வந்து, உன் படத்தின்மேல் இடிக்கப் போய், சட்டென்று திரும்பி, "சாரி ஆன்டி" என்று படத்திடம் சொல்லிவிட்டு ஒதுங்கிப் போனார். நீ இருந்திருந்தால் கைதட்டியிருப்பாய். நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

கூட்டம் குறைந்ததும் அம்மா படத்தை ஒட்டி நின்று பார்த்தார். படத்திலிருந்தவர் கொஞ்சம் உயரம் என்று தோன்றியது. அரங்கத்தாரிடம் அளவு நாடா வாங்கி அளந்தேன். தலையிலிருந்து பாதம் வரை ஐந்து அடிக்கு ஒரு நூல்தான் குறைவு.

"பாத்தியா? அஞ்சு அடின்னு அன்னிக்கே சொன்னேன்," என்றார் அம்மா.

இருட்டறைச் சுவரில் விழுந்த உருவத்தை நான் சரியாகத்தான் அளந்திருந்தேன். ஈரத்தில் விரிந்த தாளை இறுக்கி ஒட்டியதால் திரும்பச் சுருங்க இடமில்லாமல் போயிருக்கலாம். அது என் ஊகம், இன்னும் சோதிக்கவில்லை. அதனால் இன்று பெரிய படத்தின் முதுகில் உன்னைப்போலவே எழுதிவைத்தேன்: "அம்மா எப்படி வளர்ந்தார்?"

எழுதியது உன் பென்சிலால்தான். உன் அம்மா உன் கேமரா பையை என்னிடம் கொடுத்தபோது அதில் இருந்தது, விரல் நீளத்துக்கு. ஆய்வுக்கூடத்திலும் அதை வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஏதாவது புரியாவிட்டால் தாளின் பின்பக்கம் எழுதுகிறேன், புரிந்துவிட்டால் எழுந்து போய், அறையில் எத்தனை பேர் இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். குரல் இன்னும் நடுங்குகிறது.

மூன்று படங்களும் என் முன்னால் தரையில் கிடக்கின்றன. மூன்றாவதை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். "நான் என்ன தப்பு பண்றேன்?" என்ற வரிக்குப் பக்கத்தில் இருபது சென் வட்டம் விழுந்த அந்தத் துண்டை ஒட்டினேன். கீழே எழுதினேன்:

"ஒண்ணும் இல்ல. பல்பு நான் கொண்டுவந்தது. உன் கை சரியாத்தான் இருந்துச்சு."